காவல்காரி போட்ட கையெழுத்து

நரின் ஊர்க் காசநோய் மருத்துவமனையில் இருபது வருஷமாக நான் நர்ஸ். அந்தக் கிருமியின் திருட்டுத்தனத்தை ஊருக்கெல்லாம் வாய் வலிக்கச் சொன்னவள். உடம்பின் காவல் செல் கிருமியை விழுங்கி அமிலத்தில் கரைக்கப் பார்க்கும். இதுவோ அமிலப் பையைத் தன் பக்கம் அண்டவிடாது. காவல்காரன் வயிற்றிலேயே கொழுப்பைத் தின்று உறங்கும். இருமல் நின்றாலும் ஆறு மாதம் மாத்திரை விழுங்கச் சொல்வது அதனால்தான்.

என் தங்கை புருலாய்க்கு இரண்டே மாதத்தில் இருமல் நின்றது.

"நாளைலேர்ந்து வரமாட்டேன்க்கா. நாத்தனாருக்குக் கம்மல் போட்டு நிச்சயம் பண்ண வர்றாங்க. வர்றவங்களுக்கெல்லாம் மருமகதான் டீ ஊத்தணும். எனக்கு இந்த நோய்னு தெரிஞ்சா சம்பந்தமே முறிஞ்சிடும்."

"மாத்திரையை வீட்டுக்குக் குடுத்தனுப்புறேன். ஒழுங்கா முழுங்குவியா?"

"பின்ன, எனக்கென்ன சாகணும்னு வேண்டுதலா?"

என் கண்ணெதிரே விழுங்கினால்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். நான்கு மாதம் பார்க்காமலே போட்டேன். அவளைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாத்தனார் கல்யாணம் தடபுடலாக நடந்தது. அடுத்த மாதமே புருலாய் கைக்குட்டையில் ரத்தத்தோடு வந்து நின்றாள்.

"மாத்திரை?"

"மாமியார் அசந்த நாள்ல முழுங்கினேன். மத்த நாள்ல அடுப்புல போட்டுட்டேன்."

அரைகுறையாக அடிபட்ட கிருமி தேறிவிட்டிருந்தது. முக்கியமான இரண்டு மருந்துகளும் இனி அதன்மேல் பலிக்காது என்று சோதனை சொன்னது. டாக்டர் துர்சுனாலி பதிவேட்டைப் புரட்டினார்.

"ஒருநாள்கூட விட்டுப்போகல. உங்கமேல குத்தமில்ல. அவ வீட்டு ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுங்க, சோதிக்கணும்."

முதலில் வந்தது அந்த நாத்தனார்தான். காதில் புதுக் கம்மல். மூன்று வாரமாக இருமலாம். புகுந்த வீட்டில் 'குணமானதும் வா' என்று அனுப்பிவிட்டார்களாம்.

புருலாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"காவல் செல்லு கிருமியை உள்ளயே வெச்சுக் காப்பாத்தும்னு சொல்வியேக்கா. இந்த நாலு மாசம் நீ காப்பாத்தினது என்னையா, அதையா?"

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.