ஒரே நடையில்

தீயணைப்பு நிலையத்தில் அவளுக்கு ‘ஏணி’ என்று பெயர் வைத்தது உயரத்துக்காக இல்லை, வேகத்துக்காக. நிலையத்தின் பின்முற்றத்தில் ஆறு மாடிப் பயிற்சிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. படிக்கட்டையும் கைப்பிடிக் கம்பியையும் தவிர அதற்குள் ஒன்றும் கிடையாது. இருபது கிலோ எடையுள்ள தண்ணீர்க் குழாய்ச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டு உச்சிக்கு ஏறி வைத்துவிட்டு, ஓடி இறங்கி, இன்னொரு சுருளையும் அதேபோல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் சேர்த்தால் வண்டியில் இடம். ஏணி மூன்று நிமிடம் ஐந்து விநாடியில் சேர்த்தவள். அந்த நேரத்தைக் கோபுரச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள். இருபது மாதமாக அதை யாரும் முறியடிக்கவில்லை.

அந்த இருபது மாதமும் ஏணி அங்கே இல்லை என்பதுதான் விஷயம். வயிற்றில் இரட்டை என்று தெரிந்ததும் டாக்டர் படுக்கச் சொன்னார், படுத்தாள். பிறந்த பிறகு இரண்டும் மாற்றி மாற்றி அழுததில் உட்காரக்கூட நேரமில்லை. ஏழு நிமிட இடைவெளியில் பிறந்த அந்த இரண்டுக்கும் வீட்டில் பெரிசு, சிறிசு என்று பெயர். ஏழு நிமிடத்துக்கே இந்த மரியாதை.

திரும்பி வந்த காலையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முற்றத்துக் குழாய்களின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் அழுகையே வந்துவிட்டது. நிலைய அதிகாரி வாய் நிறையச் சிரித்து வரவேற்றுவிட்டு, கையோடு விதியையும் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் விடுப்பில் இருந்தவர்கள் மறுபடி கோபுரம் ஏறிக் காட்ட வேண்டும். ஆறு வாரம் அவகாசம். முடியாவிட்டால் தொலைபேசி மேசை, அதுவும் நிரந்தரமாக. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எங்கே தீ என்று கேட்டு எழுதி, மற்றவர்களை அனுப்பிவைக்கிற வேலை. மோசமான வேலை இல்லை. ஆனால் ஒன்பது வருடம் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து போனவளிடம் போய் அதைச் சொன்னால்?

அந்த முன்சீட்டில் இப்போது தூண் உட்கார்ந்திருந்தான். அகலத்தைப் பார்த்தே வைத்த பெயர். நல்லவன், வாய்தான் சும்மா இருக்காது.

“எனக்கு எதுக்கு சார் ஆறு வாரம்? இப்பவே ஏறிக் காட்டறேன்” என்றாள் ஏணி. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

பழைய வேகத்திலேயே கிளம்பினாள். கால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மூன்றாவது மாடி வரை பழைய ஏணியேதான். நான்காவதில் நெஞ்சு எரிந்தது. ஆறாவதில் சுருளை வைத்தாளா போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. இறங்கும்போது கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் வந்தாள். இரண்டாவது சுருளோடு மூன்றாவது மாடித் திருப்பத்துக்கு வந்தவள், அந்தச் சுருளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

தூண் தண்ணீர் பாட்டிலோடு ஏறி வந்து பக்கத்தில் நின்றான். “சித்திரமும் கைப்பழக்கம்னா, மாடிப்படியும் கால்பழக்கம்தானே” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அன்று சாயங்காலம் நாத்தனாரிடம் கொட்டித் தீர்த்தாள். நாத்தனார் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். அண்ணன் பஸ் ஓட்டப் போயிருக்கும் நேரத்தில் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். அவள் “ஐயோ பாவம்” எல்லாம் சொல்லவில்லை. எந்த மாடியில் உட்கார்ந்தீர்கள், நின்றது மூச்சா, தோளா என்று போலீஸ் மாதிரி கேட்டாள். தோள் வலிக்கவே இல்லை, மூச்சுதான் என்றாள் ஏணி.

“அப்படின்னா பயப்படாதீங்க அண்ணி. மூச்சு விருந்தாளி மாதிரி. ரெண்டு மூணு வாரம் கவனிக்கலைன்னா மூஞ்சியத் தூக்கிட்டுக் கிளம்பிடும். பலம் வீட்டு ஆள். அவ்வளவு சீக்கிரம் வாசல் தாண்டாது. போனாலும் வழி தெரியும், திரும்பி வந்துடும்.”

விருந்தாளியைத் திரும்பக் கூப்பிடும் வேலை மறுநாளே ஆரம்பமானது. விடிந்ததும் ஓட்டம், சாயங்காலம் குளம், நடுவில் கோபுரம். முதல் வாரக் கடைசியில் ஐந்து நிமிடம் நாற்பது. உட்காராமல் முடித்ததற்கே நாத்தனாருக்குப் போன் போட்டுக் கத்தினாள். மூன்றாவது வாரம் நான்கு ஐம்பத்தைந்து. நான்காவது வாரம் நான்கு முப்பது. ஒவ்வொரு எண்ணையும் வீட்டுக்காரனிடம் சொல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவனும் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் யாரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

அதற்குப் பிறகு எண் அசைய மறுத்தது. நான்கு இருபத்திரண்டு, நான்கு இருபத்தொன்று, மறுபடி நான்கு இருபத்திரண்டு. சோதனைக்குப் பத்து நாள்தான் பாக்கி. முதல் ஏற்றத்தில் குறையே இல்லை. இரண்டாவதில்தான் மூச்சு கையை விரித்துவிடும். விருந்தாளி இன்னும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தார். தொலைபேசி மேசைக்குப் புதிதாக ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று தூண் சொன்னபோது அவனை அடிக்கலாம் போலிருந்தது.

அந்த வாரம் பார்த்துக் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. வீடு ஐந்தாவது மாடி. பெரிசை முன்னால் துணியில் கட்டி, சிறிசை முதுகில் கட்டி, ஒரு கையில் காய்கறிப் பையோடு ஏறினாள். பாட்டை நிறுத்தினால் சிறிசு ஊரைக் கூட்டும். அதனால் வழக்கம்போல வாயில் வந்ததைப் பாடிக்கொண்டே ஏறினாள். பின்னால் பால் பாக்கெட்டோடு வந்த வீட்டுக்காரன் நான்காவது மாடியில் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டான்.

“நீ... பாடிக்கிட்டேவா... வந்தே?” என்றான். அதற்குமேல் அவனுக்கு மூச்சில்லை.

ஏணி அப்படியே நின்றாள். ஆளுக்குப் பத்து கிலோ. இரண்டு பேர் இருபது கிலோ. பை வேறு. பதினான்கு மாதமாகத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறுகிற இரண்டு மூட்டைகளை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். அதைப் பயிற்சி என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சாவி எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல், நின்ற இடத்திலிருந்தே நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் எடைக் கணக்கை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு அவளும் கத்தினாள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த விதியை மூன்று முறை படித்தாள். இரண்டு சுருள்களும் நான்கு நிமிடத்துக்குள் உச்சித் தளத்தைத் தொட வேண்டும். ஏறும்போது ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நடையாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. தோளில் சுருள், அதைப் பிடிக்க ஒரு கை, கம்பிக்கு ஒரு கை. இன்னொரு சுருளுக்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது? அதனால் கோபுரம் கட்டிய நாளிலிருந்து எல்லோரும் இரண்டு தடவை ஏறினார்கள். இரட்டைப் பிள்ளை தூக்கியவர் யாரும் அதுவரை அந்தக் கோபுரத்தில் ஏறியதில்லை.

மிச்சமிருந்த நாட்களில் குடியிருப்பின் படிக்கட்டில் இரண்டு மணல் மூட்டைகள் ஏறி இறங்கின. முதலில் பதினைந்து பதினைந்து கிலோ, கடைசியில் இருபது இருபது. நாத்தனார் இடுப்பில் ஒரு பிள்ளையோடு கடிகாரம் பிடித்தாள். ஓடக் கூடாது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாள். மூச்சை மிச்சம் பிடித்துப் பலத்தைச் செலவு செய்ய வேண்டும் என்பதுதான் அவள் சொன்ன ஒரே மந்திரம்.

சோதனை நாளன்று நிலையமே முற்றத்தில் கூடிவிட்டது. அதிகாரி கடிகாரத்தை அழுத்தினார். ஏணி ஓடவில்லை. தரையில் மண்டியிட்டு, தோளில் கிடந்த அகலமான கித்தான் பட்டையை விரித்து, இரண்டு சுருளையும் அதில் கோத்துக் கட்ட ஆரம்பித்தாள். பத்து விநாடி, இருபது, முப்பது. என்ன செய்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் எழுந்து நின்றபோது ஒரு சுருள் மார்பிலும் ஒன்று முதுகிலும் இருந்தன. அதிகாரி பதறிப்போய், ஒரு கை கம்பியில் இருக்க வேண்டும் என்றார். ஏணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். இரண்டுமே காலியாக இருந்தன.

தூண்தான் முதலில் விசிலடித்தான்.

நாற்பது கிலோ என்பது விளையாட்டில்லை. முதல் மாடியிலேயே தொடை முனகியது. ஆனால் அது தெரிந்த வலி, வீட்டு ஆள். இரண்டாவது மாடியில் தன்னையறியாமல் பெரிசு, சிறிசுக்கான பாட்டு வாயில் வந்தது. மூன்றாவது மாடித் திருப்பம், அன்று உட்கார்ந்த அதே இடம், பாட்டோடு பின்னால் போனது. கீழே கைதட்டல் கேட்டது. உள்ளுக்குள் ஒரு பேய் ‘ஓடு, ஓடு’ என்றது. ஓடினால் கெட்டோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஐந்தாவது மாடியில் திரும்பும்போது முன்சுருள் கைப்பிடிக் கம்பியில் மோதி அவளை அப்படியே பின்னுக்குத் தள்ளியது. கம்பியைப் பிடித்திருந்த கை காப்பாற்றியது. பாட்டு அறுந்தது. சமாளித்து நின்று மறுபடி படி பிடிப்பதற்குள் எத்தனை விநாடி போனதோ, அவளுக்குத் தெரியாது.

உச்சித் தளம் வந்தது. சுருள்கள் தரையைத் தொட வேண்டும். முடிச்சை இழுத்தாள், எடையில் இறுகிப்போன முடிச்சு அசையவில்லை. நகத்தால் பிடித்து இழுத்தாள். ம்ஹூம். பின்னாலேயே ஏறி வந்த அதிகாரி, “மூணு ஐம்பது” என்று சொன்னது காதில் விழுந்தது.

ஏணி உட்கார்ந்தாள். இருந்த இடத்திலேயே, காலை விரித்து, பொத்தென்று உட்கார்ந்தாள். முதுகுச் சுருள் பின்னாலும், மார்புச் சுருள் கால்களுக்கு நடுவிலும் தரையைத் தொட்டன. ஆறு வாரத்துக்கு முன் உட்கார்ந்தது தோல்வி. இன்று உட்கார்ந்தது மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

அதிகாரி கீழே போய் அறிவிப்புப் பலகையை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார். இதில் தப்பு எதுவும் இல்லையே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை எல்லோரும் கேட்டார்கள்.

“யானை படுத்தாலும் குதிரை மட்டம் சார்” என்றான் தூண்.

மறுநாள் அவனும் ஒரே நடையில் ஏறிப் பார்க்கிறேன் என்று இரண்டு சுருளையும் கட்டிக்கொண்டு கிளம்பினான். முதல் திருப்பத்திலேயே சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். இரண்டு பேர் போய் இழுக்க வேண்டியிருந்தது. சுவரில் மூன்று ஐந்துக்குக் கீழே, மூன்று ஐம்பத்திரண்டை ஏணி தன் கையாலேயே எழுதினாள். கீழே இருப்பதைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிக சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள், அவளும் ஓடினாள். தூண் தன் தலைக்கவசத்தைப் பின்சீட்டுக்கு எடுத்துப்போய்விட்டிருந்தான். முன்சீட்டில் அவளுடையது காத்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாள். தூணுக்காகத் தளர்த்தி வைத்ததை இறுக்கி, தன் பழைய பேனா அடையாளத்துக்குக் கொண்டுவந்தாள். மாட்டவில்லை. இரண்டு விரற்கடை கூடுதலாக விட வேண்டியிருந்தது, விட்டாள். வண்டி வாசலைத் தாண்டியபோது அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில்தான்.