கிழக்குக் கரை

எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள் என்று மகள் சொன்னபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும், கோரையின் இளம் வேரும் நசுங்கும் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஆகாயத்தாமரை பிடுங்க வந்த முப்பது பேர். நான் கரையில் தண்ணீர் கேனுக்குக் காவல்.

இப்போது இது பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம். வேலி உண்டு, பறவை பார்க்க மரப்பாலம் உண்டு, பொறுப்பாளராக என் மகள் உண்டு. பதினெட்டு வருடங்களுக்கு முன் நகரமே இங்கேதான் குப்பை கொட்டியது. நான் கண்ணாடிக் கடையில் லாரி ஓட்டினேன். வெட்டி மிஞ்சிய துண்டு, உடைந்த ஷோகேஸ், ரசம் போன நிலைக்கண்ணாடி என்று வாரத்துக்கு ஒரு லோடு. கண்ணாடிக் கழிவுக்கென்று இருந்த முறையான கிடங்கு நகரத்தின் அந்தக் கோடியில். இங்கே ரிவர்ஸில் வந்து கொட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். முதலாளி சொல்லிச் செய்ததில்லை, முழுக்க என் சோம்பேறித்தனம். பிறகு கொட்டுவதை நிறுத்தினார்கள், தண்ணீர் ஏறியது, கோரை முளைத்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மகளுக்கு இங்கே வேலை கிடைத்த அன்று தெருவுக்கே இனிப்பு கொடுத்தேன். அன்றும் சொல்லவில்லை. கண்ணாடி இதற்குள் ஆழத்துக்குப் போயிருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி சட்டென்று காலைத் தூக்கினாள். சேறு வழிந்த இடத்தில் ரத்தம். மகள் தன் துப்பட்டாவால் பாதத்தை இறுகக் கட்டினாள். எந்தப் புண்ணியவான் கொட்டினானோ என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள். நான் கேனை விட்டுவிட்டு மகளிடம் போனேன்.

"எல்லாரையும் மேல வரச் சொல்லும்மா. அது ஒண்ணு ரெண்டு இல்ல."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நான்தான் கொட்டுனேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. விசிலடித்து எல்லோரையும் கரையேற்றினாள். சேறு சொட்டும் கால்களோடு அவர்கள் வரிசையாக நின்றார்கள். மகள் வரைபடத்தை விரித்துப் பேனாவை எடுத்தாள்.

"எங்கெங்கன்னு கையக் காட்டுங்க," என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

பாலத்தின் முதல் தூணருகே காட்டினேன். புள்ளி வைத்தாள். அதற்கடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று. என் விரல் நகர நகர, முப்பது பேரின் கண்களும் கூடவே நகர்ந்தன. நாரைகள் நிற்கும் திட்டைத் தாண்டியும் விரல் நிற்கவில்லை. அவள் புள்ளி வைப்பதை விட்டுவிட்டுக் கோடாக இழுக்கத் தொடங்கினாள்.