அந்த பாஷையில் இரண்டு வார்த்தை

ரகசியம் காப்பது எப்படி என்பதை டெல்லி மயூர் விஹாரில் வைத்தியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மகன் சுந்தரேஷ் ராணுவத்தின் சிறப்புப் படையில் இருக்கிறான், எதிரிகள் வயர்லெஸ்ஸில் பேசுவதை ஒட்டுக்கேட்டு மொழிபெயர்க்கிறான், இது வெளியே தெரியவே கூடாது என்று குடியிருப்பில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். பால் பூத்காரனிடம் ஹிந்தியில் சொன்னார்.

"பாஷை பேரை மட்டும் கேட்கப்படாது" என்பார். யாரும் கேட்காவிட்டால் முகம் வாடிவிடும்.

இதே சுந்தரேஷ் சிவில் சர்வீஸ் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்று, யாரும் சீண்டாத அந்த அயல்மொழியில் ஒரு எம்.ஏ.வோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், விசாரிப்புக்குப் பயந்து வைத்தி லிஃப்டில் ஏறமாட்டார், மூட்டுவலியோடு படியேறுவார். பிறகு பையன் முதுகில் செங்கல் பையோடு யமுனைக் கரையில் ஓட ஆரம்பித்தான். ராணுவ அதிகாரியாகத் தேர்வானான். தூங்கவிடாமல் நடக்கவைத்து, பட்டினி போட்டு, பாதிப் பேருக்கு மேல் கழித்துக்கட்டும் பயிற்சியில் மிஞ்சி நின்று, சிறப்புப் படையின் அரக்கு நிறத் தொப்பியை வாங்கினான். போனில் சொன்னபோது வைத்தி கேட்டது ஒன்றுதான்: "கட்-ஆஃப் என்னடா?"

இப்போது லீவில் வந்திருந்தான். இனிமேல் அங்கே திரும்பிப் போக முடியாது என்று அப்பாவிடம் சொல்வதற்காகவே வந்திருந்தான். ஏன் என்பதை ஒரே ஒருவரிடமாவது சொல்லிவிட்டால் தூக்கம் வரும் என்று நம்பினான்.

"அப்பா, அங்கே ஒரு ஆள்..."

"ஸ்டாப்!" வைத்தி எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்தினார். "அஃபிஷியல் சீக்ரெட். பெத்த அப்பனானாலும் சொல்லப்படாது."

"அவன் செத்துட்டான்ப்பா."

"பேஷ். அதையும் சொல்லாதே."

சமையலறையிலிருந்து அனந்தலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, குழந்தை என்னமோ சொல்ல வரான். காது கொடுத்துக் கேளுங்களேன்."

"நீ சும்மா இரு. இது தேச விஷயம்."

அந்த ஆள் எல்லைக்கு அப்பால் ஒரு மலைமுகட்டில் காவல் இருந்தவன். கீழே இன்னொரு முகாமில் அவன் தம்பி. குளிர்காலம் முழுக்க இருவரும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டதை சுந்தரேஷ் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் இருமுவான். ஊரிலிருக்கும் கிழட்டு ஆட்டை அம்மா விற்றுவிடாமல் பார்த்துக்கொள் என்று தம்பியை நச்சரிப்பான். சுந்தரேஷுக்கே அந்த ஆட்டின் மேல் ஒரு கவலை வந்திருந்தது. ஒரு மாலை, ஊற்றுத் தண்ணீர் பூட்ஸுக்கு அடியிலேயே ஓடுகிறது, கால் விறைக்கிறது என்று அண்ணன் அலுத்துக்கொண்டான். அந்த மலையில் ஊற்று இருந்தது ஒரே இடத்தில். சுந்தரேஷ் மொழிபெயர்த்து மேலே அனுப்பினான். விடிந்ததும் குண்டு விழுந்தது. மத்தியானம் பாராட்டு வந்தது. அதற்குப் பிறகு காதில் தம்பியின் குரல் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் பாராட்டு விழா. பேனரில் குடியிருப்போர் சங்கத் தலைவர் சங்கரநாராயணன் ஆளுயரத்துக்கு நின்றார். ரகசியம் கருதி சுந்தரேஷின் படம் தபால்தலை அளவில். தலைவர் வீரத்தைப் பற்றிப் பேசினார். பெரும்பாலும் தன்னுடைய வீரம்: கரோல் பாக் வாடகை அறையில் ஒரு ஜனவரி முழுக்க ஸ்வெட்டர் இல்லாமல் சமாளித்தது. பொன்னாடை போர்த்தும்போது மேடையிலேயே குனிந்து, "சம்பளம் எந்த பே லெவல்?" என்று கேட்டுவைத்துக்கொண்டார்.

"கேப்டன் ஸார், அந்த பாஷையில ரெண்டு வார்த்தை!" என்றார் மைக்கை நீட்டி. "ஜல்தி, இட்லி ஆறிண்டிருக்கு."

சுந்தரேஷ் கண்ணை மூடிக்கொண்டான். அன்று தம்பியின் குரல் எங்கே ஏறி எங்கே இறங்கியதோ, அப்படியே சொன்னான். அண்ணா, எங்கே இருக்கிறாய், பதில் சொல், டீ போட்டு வைத்திருக்கிறேன், ஆறிப்போகிறது என்று அதற்குப் பொருள்.

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

"அரே, ரெக்கார்டே ஆகலை!" சங்கச் செயலாளர் மேதா போனை உயர்த்தினாள். "ஒன்ஸ் மோர், பய்யா, ப்ளீஸ்!"

மறுபடியும் சொன்னான். டீ வரைக்கும் வந்து குரல் உடைந்தது.

"இந்த டேக் சூப்பர்," என்றாள் மேதா. "எமோஷன் வந்துடுச்சு."

வீட்டுக்கு நடக்கையில் பொன்னாடை வைத்தியின் தோளுக்கு மாறியிருந்தது.

"என்னடா சொன்னே அங்கே? எல்லாரும் அசந்துட்டா."

சுந்தரேஷ் நின்றான். வாயைத் திறந்தான்.

"வேண்டாம், வேண்டாம்!" வைத்தி இரு காதையும் பொத்திக்கொண்டார். எதிரே வந்த பால் பூத்காரனைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "நீ மேஜர் ஆனா இதைவிடப் பெரிய ஹாலா பிடிக்கலாம்கறார் சங்கரநாராயணன்."

வாசலில் அனந்தலக்ஷ்மி காத்திருந்தாள். அவன் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டாள்: "என்னமோ சொல்லணும்னு வந்தியேடா?"

"நாளைக்கு ட்ரெயின்மா" என்றான் சுந்தரேஷ்.