முதலில் மஞ்சள்

கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சொர்ணலதாவுக்கு அந்த வாரம் முழுக்கக் கடைக்குள் மாமியார் மருமகள் சண்டை. மாமியார், மூலையில் வருஷக்கணக்காகக் குந்தியிருக்கும் பெரிய போட்டோ பிரிண்டர். மருமகள், புதிதாக வந்த கம்ப்யூட்டர். பழைய கம்ப்யூட்டர் இடி மின்னலில் உயிரை விட்டிருந்தது. புதுசு வந்து இறங்கியதும் ஆசையாகப் பிரிண்டரின் வயரை அதில் மாட்டினாள். இது யாரென்றே எனக்குத் தெரியாது என்று திரையில் ஒரு வரி காட்டிவிட்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழற்றி மாட்டினாலும் அதே பதில். பாஸ்போர்ட் படங்களுக்குச் சின்ன மை பிரிண்டர் ஒன்று இருக்கவே, கிழம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையைத் திறந்தபோது ஈஸ்வரபாண்டி வந்து நின்றார். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். ஐம்பதை நெருங்கும் ஆள். சவரம் செய்யாத முகம்; கையில் போன்.

"நாளைக்கு விடியக்காலம் எங்க ஆத்தாவுக்குக் கருமாதிக்கா. கும்புட ஒரு படம் வேணும்."

போனை நீட்டினார். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கிழவி. இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் பாதி முகத்தில். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. முருகம்மாள் என்று பெயர் சொன்னார். எனக்கெதுக்குடா போட்டோ என்று வாழ்நாள் முழுக்க மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவளாம். அறுப்பு நேரத்தில் யாரோ அவளுக்குத் தெரியாமல் எடுத்த இந்த ஒன்றுதான் இருக்கிறது.

சொர்ணலதா படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டிப் பெரிதாக்கி, மை பிரிண்டருக்கு அனுப்பப் போனாள். அவர் பதறிவிட்டார்.

"மைப் படம் வேணாங்க்கா. எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஒண்ணு போட்டோம். அய்யரு தீர்த்தம் தெளிச்சாக, மாலைத் தண்ணி வேற எறங்கிருச்சு. கண்ணு ரெண்டும் கரைஞ்சு கன்னத்துல ஓடுது. செத்தவரு அழுகுறாருன்னு பொம்பளையாளுக மறுபடியும் ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டாக."

சிரிக்கக் கூடாத இடம். ஆனாலும் சொர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் ஓரமாக ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போனது.

"எங்க பங்காளி வீட்டுல ஒரு படம் இருக்கு. உங்க கடையிலதான் போட்டாகளாம். தண்ணி பட்டாத் தொடச்சு விடுறாக, ஒண்ணும் ஆகலை. அந்த மாதிரி வேணும். ஆத்தா மொகம் கரையக் கூடாதுக்கா. இருக்குறது இந்த ஒத்தப் படம்தான்."

அவர் சொன்னது மூலையில் குந்தியிருக்கும் கிழத்தின் வேலை. அது மை தெளிக்கிற ஜாதி இல்லை. சூட்டில் சாயத்தை ஏற்றி, மேலே கண்ணாடி போல ஒரு பூச்சும் பூசி அனுப்பும். தேனியில் இருக்கிற லேபுகளில் அப்படிப் போடுவார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. முடியாதண்ணே என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். கரைந்து ஓடிய கண் அவளை விடவில்லை. உட்காருங்கண்ணே என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு, தேனி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி பிரின்சுக்குப் போன் போட்டாள்.

"ஏலே, அந்தப் பழைய பிரிண்டரு இதுல ஓடணும். இன்னைக்கே."

"யக்கா, அதுக்கு டிரைவரு போட்ட கம்பெனிக்காரனே அத மறந்துட்டான். புதுக் கம்ப்யூட்டருக்கு அது பேசுற பாஷையே தெரியாது. ஆக்கருக்கு, பழைய இரும்புக்குப் போடுக்கா."

"ஒரு ஆத்தாவோட கருமாதிடா."

பிரிண்டரோடு வந்த சிடி இருக்கிறதா என்று கேட்டான்.

தேடினாள். பழைய ஆல்பங்களுக்குக் கீழே சிடி கிடைத்தது. புதுக் கம்ப்யூட்டரில் சிடி போடுகிற வாயே இல்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, அங்கிருந்த பழைய பெட்டியில் சிடியைப் போட்டு, உள்ளே இருந்ததைப் பென்டிரைவில் வாங்கி வந்தாள். புதுசு அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றது.

"அப்ப ஒரே வழிதான். கையை எடுத்துக்க, நான் இங்கன இருந்தே பாக்குறேன்" என்றான் பிரின்ஸ்.

திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. ஈஸ்வரபாண்டி ஸ்டூலை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தேனியிலிருந்து தம்பி ஓட்டுகிறான் என்று சொர்ணலதா சொன்ன பிறகும் அவர் முன்னுக்கு வரவில்லை. ஏதேதோ இறங்கியது, ஏறியது. டீ வந்து, குடித்து, டம்ளர் காய்ந்தும் போனது. கடைசியில் திரையின் நடுவே ஒரு சதுரம் திறந்தது. அதற்குள் பச்சைப் புல்மேடு, நீல வானம், வெள்ளை மேகம். பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் காலையில் முதலில் தெரியும் அதே படம்.

சொர்ணலதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்துப் போனது என்று பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று. அது இங்கே, புதுசின் வயிற்றுக்குள் பிள்ளை போல உட்கார்ந்து கண் விழிக்கிறது.

"கம்ப்யூட்டருக்கு உள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டர உக்கார வச்சிருக்கேன்க்கா. பிரிண்டரு அதுகிட்ட பேசும், அது புதுசுகிட்ட பேசும். இப்ப வயரக் குத்து."

குத்தினாள். டொக் என்று ஒரு சத்தம். மூலையில் பச்சை விளக்கு எரிந்தது. பிரிண்டரின் பெயர் எழுத்து எழுத்தாகத் திரையில் வந்து நின்றது. பிரின்ஸ் அங்கே கத்த, இவள் இங்கே கத்த, ஈஸ்வரபாண்டி விவரம் புரியாமலே எழுந்து கும்பிட்டார்.

ஆனால் சாயச் சுருளில் இரண்டே படத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. அந்தச் சுருள் இப்போது எங்கும் விற்பனைக்கு இல்லை. இரண்டு போதுமே, ஒரு படம்தானே என்று சொர்ணலதா பட்டனை அமுக்கினாள்.

கிழம் உறுமிக்கொண்டு காகிதத்தை உள்ளே இழுத்தது. இந்தப் பிரிண்டர் ஒரே மூச்சில் படம் போடாது. முதலில் மஞ்சளை மட்டும் ஏற்றிக் காகிதத்தை வெளியே தள்ளும், திரும்ப இழுத்துச் சிவப்பை ஏற்றும், மறுபடி இழுத்து நீலம், கடைசியில் பூச்சு. முதல் நடை முடிந்து காகிதம் பாதி வெளியே வந்ததும் கரண்ட் போனது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. பிரிண்டர் வந்த சந்தோஷத்தில் அதை இன்வெர்ட்டரில் செருக மறந்து, சும்மா சுவர் பிளக்கில் செருகியிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"போச்சு. ஒரு படம் வீண். இன்னும் ஒண்ணுக்குத்தான் சாயம் இருக்குண்ணே."

திரும்பிப் பார்த்தாள். ஈஸ்வரபாண்டி பிரிண்டருக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். வாசல் வெளிச்சத்தில், இயந்திரத்தின் வாயிலிருந்து பாதி நீண்ட காகிதத்தில் ஒரு மஞ்சள் முகம். வெளிறிய மஞ்சள்தான். நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் குளித்து எழுந்தாற்போல மஞ்சள்.

"அது பாதிதான்ணே. முதல்ல மஞ்சதான் வரும். இன்னும் ரெண்டு கலர் ஏறணும், அப்பத்தான் மொகம்."

"பூசியிருக்குக்கா" என்றார் அவர். "எங்க ஆத்தா மஞ்ச பூசியிருக்கு."

சொர்ணலதாவின் வீட்டுப் பெண்கள் மஞ்சள் பூசுகிறவர்கள் இல்லை, பொட்டு வைப்பதும் இல்லை. மஞ்சள் அவளுக்கு ஒரு கலர். சுருளில் முதலாவதாக வருவது, அவ்வளவுதான். எத்தனையோ பேரின் மஞ்சள் முகம் அந்த வாயிலிருந்து வந்து திரும்ப உள்ளே போயிருக்கிறது. ஒன்றையும் அவள் முகமாகப் பார்த்ததில்லை.

"எங்கய்யா தவறுனப்ப நான் பால்குடிப் பிள்ளை. ஆத்தாவ வெறும் மொகமாத்தான் நான் பாத்துருக்கேன். எங்க சங்கிலியம்மா அத்தை சொல்லும், ஒங்காத்தா மஞ்ச பூசிக் குளிச்சுட்டு ஆத்துலருந்து ஏறி வந்தா அக்கரையிலருந்தே தெரியும்டா அப்படின்னு. நானும் கண்ண மூடி மூடி நெனச்சுப் பாத்துருக்கேன். ஒருநாளும் வந்ததில்ல."

கரண்ட் வராமலே இருந்தது. அந்த முகமும் அப்படியே நின்றது. பஜாரில் ஜீப்காரன் குமுளி, குமுளி என்று ஆள் கூப்பிடுவது கேட்டது. சொர்ணலதா அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். இயந்திரம் அரைகுறையாகத் துப்பியதைத்தான் பார்க்கிறோம் என்று அவள் புத்திக்குத் தெரியும். இருந்தும் மற்றச் சாயங்கள் ஏறாததால் சுருக்கமெல்லாம் மறைந்து, எதற்கோ அண்ணாந்து சிரிக்கிற ஒரு சின்ன வயசுக்காரி அங்கே இருந்தாள். ஆண்டவரே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பயம்போலவும் இருந்தது, பிரியம்போலவும் இருந்தது.

கரண்ட் வந்ததும் பிரிண்டர் அந்தக் காகிதத்தை வெளியே தள்ளியது. வீணான தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுப் பழகிய கை தானாக நீண்டது. அவர் அதற்கு முன்னால் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்.

இந்தத் தடவை இன்வெர்ட்டரில் செருகி, இரண்டு தரம் சரிபார்த்து, கடைசிக் காகிதத்தை வைத்தாள். மஞ்சள் வந்தது. உள்ளே போனது. சிவப்பு ஏறி வெளியே வந்தபோது ஈஸ்வரபாண்டி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நெற்றி குங்குமமாகப் பழுத்திருந்தது. உதடு வெற்றிலை போட்டதுபோல. காதோரம், கழுத்து, எல்லாம் சூடாகி, ரத்தம் ஓடி, இப்போது கூப்பிட்டால் திரும்பிவிடும் போல ஒரு பெண்.

"அப்படியே அந்தச் சடங்குக்கா" என்றார். "அய்யா கருமாதியன்னைக்கு ஆத்தாவக் குளிப்பாட்டி, மஞ்ச பூசி, குங்குமம் அப்பி, பூ வச்சு உக்கார வச்சாகளாம். கடைசித் தடவையா. அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுப்புட்டாக. நான் மடியிலதான் கெடந்தேனாம். பாத்துருப்பேன். பாத்தது தெரியல." பிரிண்டர் காகிதத்தை உள்ளே இழுக்கத் தொடங்கியது. "இப்ப என்ன கலருக்கா?"

"நீலம்."

"அது ஏறுனா?"

"வெள்ளைச் சேலை, நரைமுடி, போன்ல இருக்குற மாதிரியே வந்துரும்."

அவர் முகத்தைப் பார்த்து அவள் விரல் சுவிட்சுக்குப் போனது. அமுக்கினால் இந்த முகம் இப்படியே நிற்கும். பூச்சு ஏறாது, நாளைத் தீர்த்தத்துக்குத் தாங்காது, விடிந்தால் கும்பிடப் படமும் இருக்காது. வேறு சாயம் ஊரில் இல்லை.

"நிப்பாட்டவாண்ணே? இப்பவே சொல்லணும்."

அவர் பிரிண்டரின் வாய்க்குக் குனிந்தார். காகிதம் ஓரம் ஓரமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தாடை போனது, உதடு போனது.

"வேணாம்" என்றார். "அழிச்சுத்தான் என்னைய வளத்துச்சு. அந்த மொகமே வரட்டும்."

விரலை எடுத்தாள். நீலம் ஏறுகிற சத்தம் மற்ற இரண்டையும்விட நீளமாக இருந்ததுபோல அவளுக்குப் பட்டது. காகிதம் வெளியே வந்து, பூச்சுக்கு உள்ளே போய், கடைசியாக வந்து விழுந்தது. பந்தல் நிழல், பாதி வெயில், வெறும் நெற்றி, வெறும் கழுத்து. முருகம்மாள்.

அவர் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். சொர்ணலதாவுக்கு மனசு தாங்கவில்லை. ஆறுதலுக்கு என்று எதையும் சொல்லத் தெரியாதவள் அவள், தொழில்தான் தெரியும். அதைச் சொன்னாள்.

"அண்ணே, அங்கன எதையும் அழிக்கல. இந்த மிஷினுக்கு அழிக்கத் தெரியாது, மேல மேல ஏத்தத்தான் தெரியும். மஞ்ச அப்படியே இருக்கு, செவப்பும் அப்படியே இருக்கு. அதுக்கு மேலதான் நீலம் உக்காந்துருக்கு. அடியில அது ரெண்டும் இல்லாம இந்த மொகம் வராது."

ஈஸ்வரபாண்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு படத்தை. நெற்றியில் பெருவிரலை வைத்து, பொட்டு வைக்கிற அழுத்தத்தில், மெல்ல ஒரு முறை அழுத்தினார். அப்புறம்தான் அழுதார். கண்ணீர் படத்தின் மேல் விழுந்து முத்தாக நின்றது. துண்டால் ஒற்றி எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

சட்டம் போட்டுக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மேஜையில் கிடந்த மஞ்சள் தாளை அவள் எடுத்து நீட்டியபோது தலையை ஆட்டிவிட்டார்.

"அது எதுக்குக்கா? ஆத்தாவுக்குள்ளதான் இருக்குல்ல."

வாசலில் இறங்கி நடந்தவரை இரண்டு கடை தாண்டியதும்தான் கவனித்தாள்.

"அண்ணே, செருப்ப விட்டுட்டுப் போறீகளே!"

அவர் திரும்பி, நெஞ்சோடு அணைத்திருந்த படத்தைக் கண்ணால் காட்டினார்.

"ஆத்தாவத் தூக்கிட்டுல போறேன்" என்றார்.

தூறல் ஆரம்பித்திருந்தது. சட்டைப் பட்டனை அவிழ்த்துச் சட்டத்தை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, வெறுங்காலோடு ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்தார். சொர்ணலதா வாசலில் கிடந்த செருப்பை எடுத்து, நனையாமல் கடைக்குள் வைத்தாள்.