அம்மா மரியாதை கொடுத்த நாள்

தென்கொரியாவின் பூசானில் அம்மாவின் பன்றிச் சூப்புக் கடைக்கு ஆட்கள் சூப்புக்காக மட்டும் வருவதில்லை, அவளிடம் திட்டு வாங்கவும் வருவார்கள். "வந்துட்டியால, கொள்ளையில போறவனே! ஒரு வாரமா எங்க செத்துக் கெடந்த?" என்பாள். பேங்க் மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு உட்காருவார். அவர் கிண்ணத்தில் கறி ஒரு கரண்டி கூடவே விழும்.

ஒருமுறை எவனோ ஒருவன் பரிமாறும் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டான். அம்மா குரலைக்கூட உயர்த்தவில்லை. "ஐயா, நீங்க பெரிய மனுசங்க. வேற நல்ல கடையாப் பாத்துக்கிடுங்க" என்றாள். அம்மா ஒருவருக்கு மரியாதை கொடுத்தால் அதோடு அவர் கணக்கு முடிந்தது.

இது தெரிந்திருந்தும் நான்தான் கேட்டேன். சியோலில், நான் கட்டிக்கொள்ளப்போகும் தேக்யோமின் வீட்டாரோடு கல்யாணம் பேச விருந்து. முதல் நாள் போனில், "அவங்கப்பா பேராசிரியரும்மா. நாளைக்கு ஒருநாள் வாயக் கட்டிக்கோ. எனக்கு அசிங்கமாப் போயிரும்" என்றேன்.

"சரிட்டி" என்றாள்.

விருந்தில் நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ, "ஆமாங்க", "சந்தோசங்க" என்று அளந்து பேசினாள். மூன்றாவது தட்டு வந்தபோது தேக்யோமின் அம்மா சிரித்தபடியே சொன்னாள்: "அந்த மாதிரி கடையில வளந்தும் உங்க பொண்ணு இவ்வளவு நாகரிகமா இருக்காளே, ஆச்சரியமா இருக்கு."

என் அம்மா சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். திட்டு வந்துவிட்டது, கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். பயத்தில் நான் முந்திக்கொண்டேன். "நான் அந்தக் கடைப்பக்கம் அவ்வளவா போனதே இல்லைங்க."

அந்தக் கடையின் அரிசி மூட்டைமேல் தூங்கி வளர்ந்தவள் நான்.

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

பெண்ணிடம்கூட எவ்வளவு மரியாதை என்று அவர்கள் பூரித்துப்போனார்கள். இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. சபைக்காகச் சொன்னாள் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ரயில் நிலையத்துக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டுமே போனோம்.

"அம்மா, எல்லாம் முடிஞ்சுது. இனி வாயத் திற. அந்தப் பொம்பளைய நாலு கேள்வி கேளு."

"தெரியாதவங்கள நான் எதுக்குங்க திட்டணும்?"

"அப்ப என்னத் திட்டு. உன் வாய்க்கு வந்தபடி திட்டும்மா." நடைமேடையில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அவள் கைக்குட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"வெயிலா இருக்குங்க. பாத்துப் போங்க."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். ரயில் நகர்ந்தபோது எழுந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் கோத்து, எனக்கு இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொன்னாள்.