ஏழை என்பதற்கு ரசீது

நஹூன் மெஹியா கூரையிலிருந்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவனைக் கூரைமேல் ஏற்றிய மேஸ்திரி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "வண்டிய நிறுத்திட்டு வந்துடறேன்" என்று போனவர்தான். ஹூஸ்டனில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆறு வாரமாகியும் மனுஷன் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கமானவர்கள். உடைந்த காலைச் சுற்றி இரும்புக் கம்பிகளால் ஒரு கூண்டு மாட்டி, தொண்ணூற்று இரண்டாயிரம் டாலருக்கு பில் கொடுத்து, அதன் அடியில் 'விரைவில் குணமடைய வாழ்த்துகள்' என்றும் அச்சடித்து அனுப்பினார்கள். கூண்டை எடுத்துவிட்டு உள்ளே தகடு வைக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு. எட்டு வாரத்துக்குள் வைக்காவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், ஆயுசுக்கும் நொண்டிதான். ஆனால் இது அவசர சிகிச்சை இல்லையாம். சாகப்போகிறவனிடம் முன்பணம் கேட்கக்கூடாது, சட்டம். நொண்டப்போகிறவனிடம் தாராளமாகக் கேட்கலாம். காப்பீடு இல்லாத கூரை வேலைக்காரன், ஒன்று பணம் கட்டவேண்டும், இல்லை கால்மேல் ஆசையை விடவேண்டும்.

அவன் மனைவி டெல்மி, பில்லை எடுத்துக்கொண்டு ஒந்தீனாவிடம் ஓடினாள். ஒந்தீனா பதினோரு வருடமாக ஒரு வக்கீல் ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிறவள். குப்பைக்கூடைக் காகிதங்களை வாசித்து வாசித்தே இங்கிலீஷ் கற்றவள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் ஹோண்டுராஸ்காரர்கள் எல்லோருக்கும் அவள் 'வக்கீலம்மா'.

"இது லாப நோக்கம் இல்லாத ஆஸ்பத்திரி," என்றாள் ஒந்தீனா. "போர்டுலயே போட்டிருக்கான்."

"தொண்ணூத்திரெண்டாயிரம் லாபம் இல்லையாக்கா?"

"வரி கட்டாம இருக்க அப்படி எழுதி வச்சிருக்கான்டி. அதுக்குப் பதிலா இல்லாதவங்களுக்கு பில்லைத் தள்ளுபடி பண்ணணும். ஒரு ஃபாரம் இருக்கு. கேட்டாத்தான் குடுப்பான். பேரைச் சரியாச் சொல்லிக் கேட்டாத்தான் அதுவும். அது பாஸாச்சுன்னா பழைய பில்லும் போச்சு, ஆபரேஷனும் இலவசம்."

சோபாவில் காலை நீட்டியிருந்த நஹூனுக்கு முகம் சுருங்கியது. "இலவசம்னா... பிச்சை எடுக்கிற மாதிரியாக்கா?"

"ஆமாடா, நீ பெரிய ஜமீன்தாரு."

"அதுக்கில்ல. சர்ச்சுல யாருக்கும் தெரிய வேணாம். எங்கப்பா ஒருத்தர்கிட்டயும் கை நீட்டினதில்ல. சத்தியம் பண்ணுங்க."

ஒந்தீனா சத்தியம் செய்தாள். வாயை மூடிக்கொள்வதற்கு இதைவிட மோசமான சந்தர்ப்பம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் காட்டும் வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் அடுக்கினாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கினாள். நெஞ்சு நிறைந்திருந்தது அவளுக்கு. இவ்வளவு சுத்தமான ஏழையை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்கவே முடியாது என்று டெல்மியிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஆனால் நம் ஜனங்கள் ஒருவன் விழுந்தால் சும்மா இருப்பார்களா? சர்ச் விழாக் கமிட்டித் தலைவர் எவாரிஸ்தோவுக்கு மைக் பிடிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். அந்த வாரமே சாப்பாட்டு விற்பனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். எர்லிண்டா அக்கா தலைமையில் எட்டுப் பெண்கள் இரண்டு நாள் தூங்காமல், சோள மாவில் பன்றிக்கறி வைத்து வாழையிலையில் கட்டி, ஆயிரத்துச் சொச்சம் தமால் அவித்தார்கள். எர்லிண்டா அக்காவின் முழங்கையில் ஆவி பட்டுக் கொப்புளம் வந்தது. "நஹூன் காலுக்காக என் கை போனா போகட்டும்" என்று அவள் கத்தியதை மூன்று தெருவும் கேட்டது. ஒந்தீனாவும் வரிசையில் நின்று நான்கு வாங்கினாள். பணம் நஹூன் கையில் வந்தால் பத்திரமாக ஒளித்து வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கு ஆகும் என்றுதான் நினைத்தாள், பாவம்.

எவாரிஸ்தோ கையில் கொடுக்கிற ஆளா? கணக்கு சுத்தமாக இருக்கவேண்டுமாம். டெல்மியிடம் நைசாகப் பேசிக் கணக்கு எண்ணை வாங்கி, வியாழக்கிழமை சாயங்காலம் ஏழாயிரத்து நானூறு டாலரை நேரே வங்கியில் போட்டுவிட்டார். பிறகு கதவளவு அட்டையில் ஒரு காசோலை வரைந்து கொண்டுவந்து, நஹூனைச் சோபாவோடு படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். ஒந்தீனா அன்று ராத்திரி வேலையில் இருந்தாள். படத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் பாலெட் என்ற அம்மாள். தேன் மாதிரிக் குரல். காகிதங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "கணக்குல இன்னைக்கு எவ்வளவு இருக்குன்னு ஃபோன்ல காட்டுங்க, கண்ணு" என்றாள்.

டெல்மி காட்டினாள்.

"அடடே, வாழ்த்துகள்! ஏழாயிரத்து அறுநூத்திப் பன்னிரண்டு இருக்கே. மூவாயிரத்துக்கு மேல இருந்தா உங்களுக்கு உதவி தேவையில்லைன்னு அர்த்தம்."

ஒந்தீனா ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது என்னடி?"

"எவாரிஸ்தோ அண்ணன் போட்டாருக்கா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீங்க சத்தியம் பண்ணீங்களே, அதான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாம..."

"அய்யோ, பாவிகளா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள் ஒந்தீனா. பாலெட் அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

"அது தமால் வித்த காசும்மா. எடுத்துத் திருப்பிக் குடுத்துடறோம்," என்றாள் ஒந்தீனா.

"எடுத்தா எங்க போச்சுன்னு எழுதணும். திருப்பிக் குடுத்தது செல்லாது. வாடகை செல்லாது. வைத்தியச் செலவு மட்டும்தான் செல்லும்." பாலெட் அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நல்ல வேளையா உங்களுக்கு ஒரு வைத்திய பில் இருக்கு."

அப்படியாக, பணமில்லை என்று நிரூபிப்பதற்காக டெல்மி நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு டாலரை அதே ஜன்னலில் கட்டினாள். ரசீது வந்தது. மறு நிமிடமே அவர்கள் சட்டப்படி ஏழைகள் ஆனார்கள். பாலெட் அம்மாள் முத்திரை குத்தினாள். மிச்சமிருந்த எண்பத்தேழாயிரம் தள்ளுபடி. ஆபரேஷன் அடுத்த புதன்கிழமை. கட்டிய பணம் திரும்பி வராது, அது ஆஸ்பத்திரியின் கொள்கை. ஒந்தீனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாள்.

கால் நேராகக் கூடியது. மூன்று மாதம் கழித்து நஹூன் கோலில்லாமல் சர்ச் ஹாலுக்குள் நடந்து வந்தான். எவாரிஸ்தோ மைக்கில், "நம்ம தமால் கட்டின கால் இது!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கவே இல்லை. நஹூன் தரையைப் பார்த்தான், ஒந்தீனாவைப் பார்த்தான், பிறகு போய் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"இல்லீங்க. ஆஸ்பத்திரியிலயே தள்ளுபடி உண்டு. வெக்கப்பட்டு நான் சொல்லல. அக்காவையும் சொல்ல விடல. உங்க காசுல நாலாயிரத்து அறுநூறு வீணாப் போச்சு. என் வீம்பாலதான் போச்சு. மன்னிச்சிடுங்க."

முதலில் வாயைத் திறந்தது எர்லிண்டா அக்காதான்.

"அப்ப என் தமாலைத் தின்னது ஆஸ்பத்திரியா?"

"ஆமாக்கா."

"தொட்டுக்க ஏதும் கேக்கலியா?"

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. எவாரிஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு மைக் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்புறம் சமையலறையில் ஒந்தீனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எர்லிண்டா அக்கா உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கட்டுக் கட்டாக ரசீதுகள். மாதம் நாற்பது டாலர். மேலே அதே ஆஸ்பத்திரியின் பெயர்.

"எங்க வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாச்சு," என்றாள். அந்தத் தொண்டையில் இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று ஒந்தீனாவுக்கு அன்றுதான் தெரியும். "கடனோட செத்தான்னு அவரை யாரும் சொல்லிடக் கூடாதுன்னு கட்டிக்கிட்டு வர்றேன். ஒரு மாசம்கூட விட்டதில்ல. ஏன்டி, அந்த ஃபாரம் செத்தவங்களுக்கும் உண்டா?"

ஒந்தீனா ரசீதுகளைப் புரட்டினாள். முதல் ரசீதின் தேதியைப் பார்த்தாள். அந்த வருடம் அவள் எர்லிண்டாவுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருந்தாள். அதே ஃபாரத்தை வேறு இரண்டு பேருக்கு நிரப்பிக் கொடுத்திருந்தாள். முதல் பில் வந்து எட்டு மாதத்துக்குள் கேட்டால்தான் தள்ளுபடி; அந்தக் கெடு தாண்டி வருஷக்கணக்காகிவிட்டது.

"அப்பவே இருந்துச்சுக்கா," என்றாள். "மாடிப்படி ஏறி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எப்படிடி கேக்கிறது? ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடறவ நான். வெக்கமா இருந்துச்சு."

ஒந்தீனா ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சோள மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்கள்.