எஞ்சின் ஓடும்போது

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகுக்காரர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: படகில் மாதிரிக்குப் பூட்டிய விளக்கு, எஞ்சின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அணைகிறது, பிறகு தானாகவே எரிகிறது.

தொலைபேசியை எடுத்தவள் சாரங்கா. ஓல்போர்க்கிலிருந்த அந்தச் சிறிய விளக்குக் கம்பனியில், எல்ஈடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சிப்பைத் தெரிவு செய்தவள் அவள்தான். மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் ஸ்விட்சிங் வகைதான் சிக்கனம் என்று முதலாளி ஹென்றிக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அது படகின் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும், லீனியர்தான் வேண்டும் என்று வாதாடி வென்றாள். லீனியர் சிப், எல்ஈடிகளுக்குப் போக மிஞ்சும் வோல்ட்டை எல்லாம் தானே சூடாக்கித் தீர்த்துவிடும். பற்றரி தரும் இருபத்துநான்கு வோல்ட்டில் ஆறு எல்ஈடிகளுக்குப் பதினெட்டு போனால் மிச்சம் ஆறு. அந்தச் சூட்டைச் சிப் தாங்கும் என்று கணக்குப் பார்த்திருந்தாள்.

எஞ்சின் ஓடிப் பற்றரி சார்ஜ் ஏறும்போது வோல்ட் இருபத்தொன்பதுவரை போகுமே? அதை அவள் பார்க்கவேயில்லை.

முன்னூறு விளக்குகள் பொதியாகிவிட்டன. பொதி செய்யும் விமலராணியிடம் ஓடினாள்.

"அக்கா, ஒரு பெட்டியை உடையுங்கோ."

"இப்பவோ? லொறி வாசல்ல நிக்குது, பிள்ளை."

"ஓம், இப்பவே."

சோதனை மேசையில் வோல்ட்டை இருபத்தொன்பதுக்கு ஏற்றினாள். சிப்பின் வெப்பம் தொண்ணூறு, நூற்றுப்பத்து, நூற்றுமுப்பது பாகை என்று ஏறியது. அதற்குமேல் தாங்காமல் சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள, விளக்கு அணைந்தது. சூடு தணிந்ததும் மறுபடி எரிந்தது.

விமலராணி குரலைத் தாழ்த்தினாள். "வயர் லூஸ் எண்டு சொல்லலாம்தானே? உமக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"கடலுக்கை வலை இழுக்கேக்க இருட்டினா, அக்கா?"

சாரங்கா அந்த விளக்கோடு நேரே ஹென்றிக்கின் அறைக்குப் போனாள். பிழை தன்னுடையதுதான் என்று டேனிஷில் சொன்னாள்.

"அப்படியென்றால் ஸ்விட்சிங்குக்கே மாறுவோமா?" என்றார் அவர்.

"வேண்டாம். ஏழாவது எல்ஈடியைத் தொடரில் சேர்த்து, மின்னோட்டத்தையும் குறைத்தால் சூடு பாதியாகும். வெளிச்சம் கொஞ்சம் மங்கும்."

அவர் எழுந்துபோய் லொறியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினார்.

நாலு கிழமைக்குப் பிறகு, புது விளக்கைத் தானே கொண்டுபோய் அதே படகில் பூட்டினாள். எஞ்சின் உறும, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு மணித்தியாலம் இருந்தாள். அது ஒருதரம்கூட அணையவில்லை.

"போதுமா?" என்று படகுக்காரர் எஞ்சினை நிறுத்தச் சாவியில் கை வைத்தார்.

"இன்னும் ஒரு மணித்தியாலம்" என்றாள் சாரங்கா.